கோவையிலிருந்து ஒரு நாள் வாட்டர் பார்க்: சிறுவாணி சாலையா, மேட்டுப்பாளையமா, கொச்சியா?

முழுப் பரீட்சை முடிந்ததும் கோவை வீடுகளில் கிளம்பும் கேள்வி இது. சிறுவாணி சாலையில் கோவை கொண்டாட்டம், மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலை ஓரத்தில் பிளாக் தண்டர், பாலக்காடு தாண்டிப் போனால் கொச்சி பள்ளிக்கரையில் வொண்டர்லா. மூன்றுமே தண்ணீர் விளையாட்டும் தரை ரைடுகளும் கலந்த இடங்கள். மூன்றுக்கும் ஒரே நாள் விடுமுறை போதும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கொச்சிக்கு அது போதாது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எதில் ரைடு அதிகம் என்று தேடுவதற்கு முன், வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடைசிக் குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வாட்டர் பார்க்கில் வயதுக்குப் பெரிய மதிப்பில்லை, உயரம்தான் பேசும். பெரிய ஸ்லைடுகள் பலவற்றில் 120 செ.மீ., அதாவது ஏறக்குறைய 4 அடிக்குக் கீழே இருந்தால் ஏற விடமாட்டார்கள். கீழே அளவுகோல் நட்டு வைத்திருப்பார்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகு படிக்கட்டுக்குக் கீழே திருப்பி அனுப்பப்பட்ட குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெரிய பாடு. டிக்கெட்டுக்கும் உயரமே அளவு. வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். ஏழாவது படிக்கும் பையன் 145 செ.மீ. இருந்தால் அவனும் முழு டிக்கெட்தான். பட்ஜெட் அங்கேயே ஒரு படி ஏறிவிடும்.

கடைசிக் குழந்தை 120 செ.மீ. தாண்டவில்லை என்றால் கொச்சிக்குப் போவதில் அர்த்தமில்லை. 110 செ.மீ. குழந்தை எந்தப் பார்க்குக்குப் போனாலும் நாளின் பெரும்பகுதியை முழங்கால் ஆழக் குட்டிக் குளத்தில்தான் கழிக்கும். அந்தக் குளத்துக்காக 185 கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம். அப்பாவோ அம்மாவோ ஒருவர் கூடவே உட்கார வேண்டியிருப்பதால், பெரிய ரைடுகளுக்குக் கொடுத்த டிக்கெட்டில் பாதி வீணாகும்.

இனி வீட்டின் மூத்தவர். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் பெரிய ஸ்லைடுகளிலும் வேகமான ரைடுகளிலும் அனுமதியில்லை. ஆனால் தண்ணீரில் இறங்காமல் சும்மா உட்கார வருபவர்களுக்கும் பெரும்பாலான பார்க்குகள் முழுக் கட்டணமோ, மூத்த குடிமக்கள் தள்ளுபடி போக மீதியோ வாங்குகின்றன. பாட்டியைப் பைகளுக்குக் காவலாக உச்சி வெயிலில் ஏழு மணி நேரம் உட்கார வைக்க ஆயிரம் ரூபாய் கொடுப்பது நியாயமா என்று யோசியுங்கள். இந்த இடத்தில்தான் பக்கத்துப் பார்க்குகள் ஜெயிக்கின்றன. சிறுவாணி சாலை வழியில் பேரூர் பட்டீசுவரர் கோயில் இருக்கிறது. காலையில் பெரியவர்களை அங்கே இறக்கிவிட்டு, தரிசனம் முடிந்ததும் ஆட்டோவில் வீடு திரும்பச் சொல்லலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலைதான் சரி. மேட்டுப்பாளையம் பக்கம் என்றால் வழியில் காரமடை அரங்கநாதர், அங்கே போன பிறகு தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன். கொச்சிப் பயணத்தில் பெரியவர்களுக்கு இப்படி ஒரு மாற்று வழி கிடையாது. முழு நாளும் உங்களோடுதான்.

செலவைப் பற்றிப் பேசும்போது டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறு. வாரநாள், வார இறுதி, சீசன் என்று விலை மாறும். போகிற தேதிக்கு உரிய விலையை அந்தந்தப் பார்க்கின் தளத்தில் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது வரி சேர்த்த விலையா என்று கவனியுங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,000 என்று போட்டிருந்தால் கட்டும்போது 1,180. ஐந்து பேருக்கு 900 ரூபாய் கூடுதல், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட். பத்தாவது, பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகள் இருந்தால் ஹால் டிக்கெட் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். பிறந்தநாள் சலுகையும் சில இடங்களில் தருகிறார்கள்.

அதற்கு மேல் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்று வைத்துக்கொண்டால், சிறுவாணி சாலைக்குப் போய்வர 2 லிட்டர் போதும். மேட்டுப்பாளையத்துக்கு 6 லிட்டர், சுமார் 600 ரூபாய். கொச்சிக்குப் போய்வர 370, 380 கிலோமீட்டர், 25 லிட்டர், 2,500 ரூபாய். வாளையாறு பாம்பாம்பள்ளம், வடக்கஞ்சேரி பன்னியங்கரை, திருச்சூர் பாலியேக்கரை என்று டோல்களும் இருக்கின்றன. கேரளத்தில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். எல்லை தாண்டும் முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

உள்ளே போன பிறகு வரும் செலவுதான் பலர் மறப்பது. லாக்கர் வாடகையும் அதற்கு முன்பணமும், நீச்சலுடை வாடகை அல்லது விலை, சாப்பாடு, தண்ணீர் பாட்டில். வெளி உணவை அநேகமாக எல்லாப் பார்க்கிலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கைக்குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விதிவிலக்கு தருவார்கள். பார்க்கிங்கில் காருக்குள் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் வைத்திருந்து, வெளியே வந்து சாப்பிட்டுத் திரும்பலாமே என்று நினைப்பவர்கள் மறு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் இல்லை. மே மாதத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் தயிர் சாதம் மதியம் வரை தாங்காது என்பது வேறு விஷயம்.

இப்போது பாதை. மேட்டுப்பாளையத்தின் ஒரே பெரிய குறை அது ஊட்டிக்குப் போகிற வழியில் இருப்பது. சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைப் பர்லியாறு, குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாகத் திருப்பிவிடுவது போலீஸ் வழக்கம். அதாவது ஏறுகிற வண்டி அத்தனையும் பிளாக் தண்டர் இருக்கும் சாலையில்தான் போகும். மே மாத சனிக்கிழமை காலை 9 மணிக்குக் காரமடை தாண்டி மேட்டுப்பாளையம் ஊருக்குள் நுழைந்தால் வண்டி நகராது. ஞாயிறு சாயங்காலம் கோத்தகிரி வழியாக இறங்கும் கூட்டமும் அதே ஊருக்குள்தான் வந்து சேரும். அதனால் மேட்டுப்பாளையத்துக்குச் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லாமல் வார இறுதியில்தான் போக முடியும் என்றால் கோவையை 7 மணிக்கே விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டபடி வாசல் திறக்கக் காத்திருப்பது மேல். நீலகிரிக்கான இ-பாஸ் இதற்கு வேண்டாம், மாவட்ட எல்லைக்கு முன்பே பார்க் வந்துவிடும். கார் இல்லாதவர்களுக்கும் இதுதான் வசதி. கோவை ஜங்ஷனிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மெமு ரயில் உண்டு. மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் பஸ் நிலையத்திலிருந்து பஸ்களும் அடிக்கடி கிளம்புகின்றன.

கொச்சிக்குப் பாதைத் தொல்லை வேறு விதம். பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர், அங்கமாலி, ஆலுவா வழியாகப் போய்ப் பள்ளிக்கரைக்குப் பிரிய வேண்டும். தடை இல்லாமல் ஓடினால் நான்கு மணி நேரம். திருச்சூருக்கு முன்னும் பின்னும் மேம்பாலம், சுரங்கப்பாதை வேலைகளால் நெருக்கடி வந்தால் ஐந்து. காலை 5 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்குள் வாசலில் நிற்கலாம். சிக்கல் திரும்பும்போதுதான். ஆறு மணி நேரம் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்த உடம்போடு, மாலை 6 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்து இரவு 11 வரை எதிர்வண்டி வெளிச்சத்தில் ஓட்டுவது ஆபத்து. பின் சீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஓட்டுபவருக்கும் கண் சொக்கும். கொச்சி என்று முடிவு செய்தால் முதல் நாள் மாலையே போய்த் தங்குங்கள், இல்லையேல் திரும்பும் இரவு தங்குங்கள். அல்லது ரயிலில் ஆலுவா வரை போய் அங்கிருந்து டாக்சி பிடியுங்கள். ரயிலுக்கு 60 நாள் முன்னதாக முன்பதிவு திறக்கும். மே மாத டிக்கெட்டை மார்ச் மாதமே எடுத்துவிட வேண்டும். அறை வாடகையையும் சேர்த்தால் ஐந்து பேருக்குக் கொச்சிச் செலவு சிறுவாணி சாலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

அப்படியானால் கொச்சிக்கு யார்தான் போவது? பிள்ளைகள் எல்லோரும் 140 செ.மீ. தாண்டிய வீடு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் குட்டிக் குளமும் ரெயின் டான்ஸும் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய இந்தப் பார்க்கில் அந்த வயதுக்கு ஏற்ற பெரிய ரைடுகள் நிறைய. தண்ணீரில் இறங்க விருப்பமில்லாத பிள்ளைக்கும் அரை நாள் ஓட்டத் தரை ரைடுகள் இருக்கின்றன. வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் விலையில் ஃபாஸ்ட்ராக் டிக்கெட் உண்டு. அது தேவையா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் கீழே இறங்கி விலகிய பிறகே அடுத்தவரை விடும் ஸ்லைடில் ஆளுக்கு 40 விநாடி வைத்துக்கொண்டால் மணிக்கு 90 பேர். உங்களுக்கு முன்னால் 60 பேர் நின்றால் 40 நிமிடக் காத்திருப்பு. வாரநாளில் போகிறவர்களுக்கு ஃபாஸ்ட்ராக் வீண் செலவு. விடுமுறை ஞாயிறு என்றால் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் எடுக்கலாம், எல்லோருக்கும் வேண்டாம். இன்னொன்று, வாசல் திறக்கும் நேரமும் தண்ணீர் ரைடுகள் தொடங்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதலில் தரை ரைடுகளை மட்டும் ஓட்டிவிட்டுப் பிறகு தண்ணீரைத் திறக்கும் பார்க்குகள் உண்டு. போனில் கேட்டுக்கொண்டு அதற்கேற்பக் கிளம்புங்கள்.

வானிலையை யாரும் ஒப்பிடுவதில்லை, ஆனால் நாளைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். ஏப்ரல் பாதியிலிருந்து மே முழுக்க மேற்கு மலையடிவாரத்தில் மதியம் 3 மணிக்கு மேல் கோடை மழை இடியோடு வரும். சிறுவாணி சாலைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இது பொருந்தும். இடிச் சத்தம் கேட்டால் எல்லோரையும் தண்ணீரை விட்டு ஏற்ற வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி இறங்கலாம் என்பது குளங்களுக்கான பொது விதி. இரண்டு தடவை இடித்தால் உங்கள் மாலை முடிந்தது. பணம் திரும்பக் கிடைப்பது அபூர்வம். ஆகவே பெரிய ஸ்லைடுகளை மதியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கேரளத்தில் மே பிற்பாதியில் பருவமழைக்கு முந்திய மழை வலுக்கும், ஜூன் 1ஐ ஒட்டிப் பருவமழையே தொடங்கிவிடும். கொச்சி என்றால் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் பாதி. மே கடைசி வாரம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் உள்ளூரே போதும். ஆனால் அந்த வாரத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்திருக்கும். நனைந்த குழந்தை 4 மணிக்கே நடுங்கும். உதடு நீலம் பூத்தால் உடனே துவட்டி, உலர்ந்த உடை போட்டுவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்துப் போவது இதற்காகத்தான்.

மூன்று இடத்துக்கும் பொதுவான சில விஷயங்கள். நைலான், பாலியெஸ்டர், லைக்ரா துணிகளையே தண்ணீரில் அனுமதிப்பார்கள். பருத்தி நூல் பிசிறுகள் வடிகட்டியை அடைக்கும், நனைந்து கனத்து ஸ்லைடில் ஆளைப் பிடித்து நிறுத்தும். ஜீன்ஸின் உலோக ஜிப் ஃபைபர் சறுக்கைக் கீறிவிடும். சேலை, துப்பட்டா கூடவே கூடாது. பெண்களுக்கு முழங்கால் வரை வரும் லெக்கிங்ஸும் நைலான் டி-சர்ட்டும் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். அங்கே வாடகைக்கு எடுப்பதைவிட டவுன்ஹால் பக்கமோ ஒப்பணக்கார வீதியிலோ முன்பே வாங்கிவிட்டால் அடுத்த வருடத்துக்கும் ஆகும். குழந்தைக்கு நீலம், வெள்ளை நிற உடை வேண்டாம். நீலத் தரையுள்ள குளத்தில் தண்ணீருக்கடியில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, சிவப்பு, கண்ணைப் பறிக்கும் பச்சை நல்லது.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டோ, முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டோ போகாதீர்கள். இறங்கும் முன் சோப்புப் போட்டு ஒரு குளியல் போடுங்கள். எண்ணெய், வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உருவாகும் குளோரமின்தான் கண்ணைச் சிவக்க வைக்கிறது, மூக்கில் நெடியாக ஏறுகிறது. நெடி அதிகமாக அடித்தால் மருந்து நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பது தலைகீழ்ப் புரிதல். அழுக்கு அதிகம் என்று பொருள். குளத்தின் ஆழமான இடத்தில் அடி வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் இறங்க வேண்டாம், குழந்தையை இறக்கவே வேண்டாம். ஆழத்தில் யாராவது மூழ்கிக் கிடந்தாலும் லைஃப் கார்டு கண்ணுக்கு அது படாது என்பதும் இதில் அடக்கம். இரண்டு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு இருந்த குழந்தையை அழைத்துப் போகாதீர்கள். குளோரினுக்கு எளிதில் சாகாத கிருமிகளும் உண்டு.

மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாம் வீட்டிலேயே. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், செயற்கை அலை அடிக்கும் குளமான வேவ் பூலில் விழுந்தது கிடைக்காது. தாலிச் சங்கிலியில் ஊக்கு கோத்திருந்தால் கழற்றிவிடுங்கள். டியூப் கிழியும், குழந்தையைத் தூக்கும்போது கீறும். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டும் வார் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேவ் பூலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பார்க்க விளையாட்டுபோல இருந்தாலும் கண்காணிக்கக் கடினமான இடம் அதுதான். அலை நின்றிருக்கும்போது இடுப்பளவு ஆழத்தில் நின்ற குழந்தைக்கு அலை வந்ததும் தலைக்கு மேல் போகும். கூட்டத்தில் டியூப்களுக்கு அடியில் மாட்டினால் மேலே வர வழியிருக்காது. மூழ்குபவர் கத்திக் கையாட்டுவார் என்று காத்திருக்காதீர்கள், சத்தமே இல்லாமல் நடந்துவிடும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். கையில் மாட்டும் காற்றுப் பைகள் பொம்மைதான், பாதுகாப்புச் சாதனம் கிடையாது. பெற்றோர் போன் எண்ணைக் குழந்தையின் கையில் அழியாத மார்க்கரால் எழுதிவிடுங்கள், தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று நுழைந்த உடனே காட்டிக் கொடுங்கள்.

வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை இறங்குவதற்கு 20 நிமிடம் முன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மறுபடி தடவ வேண்டும். 12 மணிக்கு மேல் படிக்கட்டு சிமெண்ட் குழந்தைகளின் பாதத்தைப் பொசுக்கிவிடும், ஸ்லைடுக்குச் செருப்போடு விடமாட்டார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் ஒதுக்குங்கள். கேன்டீனில் 1 மணிக்கு நெரிசல், 11:45க்கே முடித்துவிட்டால் வரிசையே இருக்காது. தண்ணீரில் இருப்பதால் தாகம் தெரியாது. குழந்தைகளுக்கு மணிக்கொரு தடவை நினைவூட்டிக் கொடுங்கள்.

தண்ணீர் பார்க்குக்கு இவ்வளவு செலவா, ஆற்றில் குளித்துவிட்டு வரலாமே என்று ஒரு குரல் எழும். கோவைக் குற்றாலம் நல்ல யோசனைதான், ஆனால் கோடையில் தண்ணீர் குறைந்தாலோ, மழையில் வெள்ளம் வந்தாலோ வனத்துறை மூடிவிடும். திங்கட்கிழமை விடுமுறை வேறு. முந்தின நாள் விசாரிக்காமல் போகக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். பில்லூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் ஆற்று மட்டம் ஏறிவிடும். அங்கே உயிர் போனவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. பிளாக் தண்டர் முடித்துவிட்டு, போகிற வழியில் ஆற்றில் ஒரு முங்கு போடலாம் என்று பிள்ளைகள் கேட்டால் காரை நிறுத்தாதீர்கள்.

எங்கள் தீர்ப்பு இப்படி. கடைசிக் குழந்தை 100 செ.மீ.க்குக் கீழே, வீட்டில் பெரியவர்களும் உண்டு என்றால் சிறுவாணி சாலைதான். காலை வாசல் திறந்ததும் போய் 3 மணிக்கே வீடு திரும்பிவிடலாம், குழந்தை தூங்கி வழிந்தால் அரை மணி நேரத்தில் கட்டிலில் இருக்கும். 100க்கும் 140க்கும் நடுவில், வயது வித்தியாசமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மேட்டுப்பாளையம், அதுவும் வாரநாளில். எல்லோரும் 140 தாண்டி, ஓர் இரவு தங்கவும் முடியும் என்றால் கொச்சி. ஜூன் முதல் வாரத்தில் பள்ளிகள் திறந்த பிறகு உள்ளூர் பார்க்குகளில் கூட்டம் சட்டென்று வடிந்துவிடும். இன்னும் பள்ளி சேராத குழந்தை மட்டும் உள்ள வீடுகள் அந்த வாரத்துச் செவ்வாயோ புதனோ போகலாம். காற்றுக்குக் கூடுதலாக ஒரு துண்டு எடுத்துக்கொண்டால் போதும்.